எழுபத்தைந்து கோடி கலங்கள்

கொழும்பு
2024 மே 7, செவ்வாய், காலை 10.20
வந்த பைகள்: ஐந்து. உயிருள்ள கலங்கள்: பூச்சியம்.

பிரான்சிஸ்காவுக்கு,

மேலே எழுதியதில் பிழை இல்லை. மூன்று தரம் பார்த்தேன். ஐந்து பைகளும் கல்லாக உறைந்து வந்தன. இளகியதும் உள்ளே இருந்தது இரத்தம் அல்ல, சிவப்புத் தண்ணீர். பெட்டியைத் திறந்தால் தூள் ஐஸ், அதற்குமேல் கல்லுப்பு. உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் குளிரும் என்று உங்கள் பிரசவ வாட்டில் ஒருவருக்குமா தெரியாது? யார் கட்டினார்கள்?

நம் வேலை சின்னது. பிள்ளை பிறந்த பிறகு தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் மிஞ்சி நிற்கிற, எப்படியும் புதைகுழிக்குப் போகிற இரத்தத்தைப் பையில் இறக்கி எனக்கு அனுப்ப வேண்டும். ஸ்டெம் செல் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அந்தக் குருத்துக்கலங்கள் அதில் இருக்கின்றன. இங்கே ஆய்வுகூடத்தில் நான் எண்ணி, உறைய வைப்பேன். உறைய வைப்பது என் வேலை. உங்களுடையது அல்ல.

அவசரம் ஏன் என்று உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என் கூடப்பிறந்த ராத்தா றிஸ்மினாவை உனக்குத் தெரியும். அவளுடைய மூத்த மகள் மின்ஹாவுக்குத் தலசீமியா. ஐந்து வயது. மூன்று கிழமைக்கு ஒரு தரம் ஊசி ஏற்றி அடுத்தவர் இரத்தத்தில் வாழ்கிறாள். ராத்தா திரும்பவும் வயிற்றோடு இருக்கிறாள். ஜூலை இரண்டாம் கிழமை, உன் வாட்டில்தான் பெறுவாள். அந்தப் பிள்ளையின் இரத்தம் மின்ஹாவுக்குப் பொருந்தினால் அவளைக் குணமாக்கலாம். பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. அது அல்லாஹ்வின் கையில். கணக்கு நம் கையில். நிறையில் கிலோவுக்கு ஐந்து கோடி கலம் வேண்டும். மின்ஹா பதினைந்து கிலோ. எழுபத்தைந்து கோடி.

பெட்டிக்குள் ஐஸ் வேண்டாம். சாதாரணக் குளிர்ப்பொதி இரண்டு போதும், அதுவும் பையில் படாமல்.

எம். நஜாத்


மே 10

அன்புள்ள நஜாத்,

உனக்கும் உன் வீட்டாருக்கும் புனித அன்னம்மா துணையிருக்க வேண்டும். நான் நலம். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

பெட்டியைக் கட்டியவர் கில்பட் அண்ணன். எங்கள் வாட்டு ஊழியர், கல்பிட்டிக்காரர். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், கெட்ட சொற்களை விட்டுவிட்டு. முகம் செத்துப்போனது. "மிஸ், கொழும்புக்கு இறால் அனுப்புறதெண்டா இப்பிடித்தான் கட்டுவம். பழுதாப் போகக்கூடாதெண்டுதானே உப்பும் போட்டனான்" என்றார். அந்த உப்பை அவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தார், தெரியுமா? பிழை எங்களுடையதுதான். "பெட்டிக்குள் குளிராக வையுங்கள்" என்று மட்டும் எழுதிய உன் தாளிலும் கொஞ்சம் இருக்கிறது. இந்தக் கரையில் குளிர் என்றால் ஐஸ். வேறு குளிரை யாரும் காட்டித்தரவில்லை.

மின்ஹாவின் கதை எனக்கு முன்னமே தெரியும். இரத்தம் ஏற்ற வரும் நாளில் எங்கள் வாட்டு வாசலில்தான் தாயும் மகளும் பஸ்ஸுக்கு நிற்பார்கள். நீ சொல்லாமல் வைத்திருந்தாய் என்பதுதான் எனக்குப் புதினம்.

நீ இனி வோய்ஸ் மெசேஜ் அனுப்பாதே. அதில் கத்துகிறாய். பிரசவ அறைக்குள் நாங்கள் போன் கொண்டுபோவதும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வான் வரும். பெட்டி மூடியில் கடிதத்தை ஒட்டி அனுப்பு. புத்தளத்து டியூட்டரியில் பயோலொஜி வகுப்பில் எனக்குப் பின் வாங்கில் இருந்து கத்தினாயே, அது போதும்.

அன்புடன்,
பிரான்சிஸ்கா


மே 21, பிற்பகல் 2.05
பைகள் ஆறு. ஒரு பைக்குச் சராசரி 44 மில்லிலீற்றர், 36 கோடி.

பிரான்சிஸ்காவுக்கு,

நலமா? கேட்டுவிட்டேன்.

கலங்கள் உயிரோடு வந்தன. ஆனால் பாதிதான். காரணங்கள்: இரண்டு பைகளில் இரத்தக்கட்டி இருந்தது, அதாவது பையை ஆட்டவில்லை. உள்ளே இருக்கும், கட்டியாகாமல் காக்கிற திரவத்தோடு இரத்தம் கலக்கும்வரை நிறுத்தாமல் ஆட்ட வேண்டும். ஊசியைக் கொடியின் நடுவில் குத்துகிறீர்கள். பிள்ளையைப் பிரிக்கக் கொடியில் போடுகிற கிளிப்புக்குப் பக்கத்தில், கீழே குத்துங்கள். அந்த இடம் சுருங்கினால் மேலே இன்னொரு இடம் இருக்கும். நஞ்சுக்கொடி வெளியே வரும்வரை காத்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும்போதே தொடங்குங்கள், கருப்பை இறுகும்போது அதுவே பிழிந்து தரும். பையை எங்கே வைக்கிறீர்கள்? தட்டுவண்டியிலா? அது கட்டிலின் உயரம். இரத்தம் மேட்டுக்கு ஏறாது.

இன்னொன்று. உன் குறிப்பில் "கிளிப் போட்ட நேரம்" என்ற இடத்தில் பிள்ளை பிறந்து 60 செக்கன், 75, ஓரிடத்தில் 90 என்று இருக்கிறது. அவ்வளவு நேரம் ஏன் காத்திருக்கிறாய்? நீ நிற்கிற ஒவ்வொரு செக்கனும் இரத்தம் பிள்ளைக்குள் போகிறது. பைக்கு என்ன மிஞ்சும்? இருபதுக்குள் போடு.

நஜாத்


ஜூன் 3

அன்புள்ள நஜாத்,

இந்தப் பெட்டியில் நாலு பை. தூக்கிப் பார், பாரம் தெரியும்.

தட்டுவண்டி விஷயத்தில் நீ சொன்னது சரி. பையைத் தரையில் வைக்க மேற்றன் விடமாட்டா. அதனால் என் தம்பி நண்டு நிறுக்கிற தொங்கு தராசு போல ஒன்று புதிதாக வாங்கினேன். பற்றரியில் ஓடுவது. அதைக் கட்டிலின் அடிக்கம்பியில் கொளுவி, கொக்கியில் பையைத் தொங்கவிட்டேன். பை முழங்காலுக்குக் கீழே நிற்கிறது, தானாக ஆடுகிறது, எவ்வளவு நிறைந்தது என்று தராசே சொல்கிறது. ஓடுவது நின்றதா இல்லையா என்று இனிமேல் யோசிக்கத் தேவையில்லை. கில்பட் அண்ணன் குனிந்து பார்த்து, பையும் திரவமும் சேர்த்து எத்தனை கிராம் என்று கூப்பிடுவார்: "மிஸ், நூற்றிப்பத்து! மிஸ், நூற்றியிருபத்தஞ்சு!" போன கிழமை ஒரு தாய் வலியோடு சிரித்துவிட்டாள். "அண்ணே, இது என்ட புள்ளட ரத்தம், மீன் இல்ல" என்றாள்.

கிளிப் விஷயத்தில் நீ சொல்வதைச் செய்ய ஏலாது. எங்கள் வாட்டில் ஒரு நிமிடமாவது பொறுப்போம், நல்லாய் அழுகிற பிள்ளைக்கும். உனக்கு அது பைக்கு வராத இரத்தம். எனக்கு அது பிள்ளைக்குப் போகிற இரத்தம். இங்கே வருகிற தாய்மாரில் பாதிப்பேருக்கு இரத்தம் போதாது. பிள்ளைக்கு முதல் ஆறு மாதத்துக்கு அந்த ஒரு நிமிடம்தான் இரும்புச்சத்து. உன் பைக்காக எங்கள் ஒழுங்கை மாற்றமாட்டேன்.

கோபிக்காதே. வீட்டுக்கு எப்போது வருகிறாய்?

பிரான்சிஸ்கா


ஜூன் 14, காலை 9.40
பைகள் நாலு. சராசரி 78 மில்லிலீற்றர், 63 கோடி.

பிரான்சிஸ்காவுக்கு,

தராசு நல்ல வேலை. நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. எங்கள் தலைவரிடம் காட்டினேன், படம் அனுப்பச் சொன்னார்.

ஆனால் அறுபத்துமூன்று, எழுபத்தைந்து அல்ல. இடைவெளி பன்னிரண்டு கோடி. அது எங்கே இருக்கிறது என்று உனக்கும் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில்.

மற்றத் தாய்மாருக்கு உன் ஒழுங்கை வைத்துக்கொள். ராத்தாவுக்கு வேண்டாம். ஒப்புதல் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். "உடனடியாகக் கிளிப் போட்டு முழு அளவு எடுக்கச் சம்மதம்" என்று நானே நிரப்பி, ராத்தாவின் கணவர் அன்ஸார் மச்சானிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். போன ஞாயிறு அவர் வேலை செய்யும் உப்பளத்துக்கே போய் வாங்கினேன். வரம்பில் நின்றபடியே போட்டார், ஈரம் பட்டு ஒரு மூலை அழிந்திருக்கிறது, பரவாயில்லை. ஹஜ் பெருநாளைக்கு வர முடியாது, வேலை இருக்கிறது.

இனிக் கதை தேவையில்லை. படிவம் இருக்கிறது.

நஜாத்


ஜூன் 20

அன்புள்ள நஜாத்,

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பெயர் உன் ராத்தாவுடையது. எழுத்து உன்னுடையது. கையெழுத்து மச்சானுடையது. பெறப்போகிறவளுடையது என்று அதில் ஒரு புள்ளியும் இல்லை.

நேற்று கிளினிக் நாள். றிஸ்மினா ராத்தா வந்திருந்தா, மின்ஹாவும் கூட. படிவத்தைக் காட்டினேன். "இது என்ன மிஸ், என்ட பேர்ல ஈக்கி?" என்றா. அவவுக்கு ஒன்றுமே தெரியாது, நஜாத். தம்பி கொழும்பில் ஏதோ ஒழுங்கு செய்கிறான் என்பது மட்டும்தான் தெரியும்.

நான் எந்தப் பக்கமும் சாயாமல்தான் சொன்னேன். உடனே கிளிப் போட்டால் பைக்குக் கூட வரும், பொறுத்தால் பிள்ளைக்குக் கூடப் போகும் என்று.

"பொறுக்காட்டி புள்ளைக்கு என்ன ஆகும்?"

"பெரிசா ஒண்டும் ஆகாது. பிறகு கொஞ்சம் ரத்தம் குறையலாம். மருந்து குடுத்துச் சமாளிக்கலாம்."

"பொறுத்தா மின்ஹாவுக்கு?"

"போதாமப் போகலாம்."

மின்ஹா கதிரைக்குக் கீழே கிடந்த தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு ராத்தா சொன்னா: "ரத்தம் இல்லாத புள்ளைய வெச்சி நான் படுற பாடு எனக்குத் தெரியும் மிஸ். இன்னொண்டுக்கு அதே குறைய நானே தொடங்கி வெக்கவா? ரெண்டும் என்ட புள்ளதானே. ஒரு நிமிஷம் அதுக்குக் குடுங்க. மிச்சம் எல்லாத்தையும் ஒரு சொட்டு விடாம இவளுக்கு எடுங்க." எழும்பும்போது சொன்னா: "தம்பிட்டச் செல்லுங்க, எண்ணுறது அவன்ட வேல. பெறுறது என்ட வேல."

புதுப் படிவத்தில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டா. என்னிடம் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இதுவரை எடுத்த பைகளுக்கும் கணவன் அல்லது வீட்டு ஆம்பிளையின் கையெழுத்தைத்தான் நான் ஏற்றேன். ஊரில் அப்படித்தான், தாள் என்றால் ஆம்பிளையிடம் நீட்டுவோம். தாய்மாரிடம் "ரத்தம் எடுக்கலாமா" என்று வாயால் கேட்டேன், தலையாட்டினார்கள், தாளைக் காட்டவில்லை. தெரிந்த முகத்தின் படிவம் கைக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

பிரான்சிஸ்கா


ஜூன் 23, முற்பகல் 11.15

பிரான்சிஸ்கா,

நீ அவளைப் பயப்படுத்தியிருக்கிறாய். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இரண்டு பிள்ளைகளையும் தராசில் வைத்துக் காட்டினால் அவள் வேறு என்ன சொல்வாள்? அதனால்தான் நான் அவளிடம் கேட்கவில்லை. ஒருத்தியிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. நான் சுமந்துகொண்டேன். நீ அதை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டாய்.

ஒரு பிள்ளைக்கு இரும்புச்சத்து மருந்து. மற்றதற்கு உயிர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பையில் எழுபத்தைந்து வராவிட்டால், என் அறிக்கையில் "குறைவுக்கான காரணம்" என்று ஓரிடம் இருக்கிறது. அதில் உன் பெயரை எழுதுவேன். மின்ஹாவுக்கு ஏதும் நடந்தால் நீதான் பொறுப்பு.

இனிப் பை இலக்கமும் நேரமும் மட்டும் எழுது. வேறு கதை வேண்டாம்.

எம். நஜாத்


ஜூலை 9

திரு. எம். நஜாத் அவர்களுக்கு,

பை இலக்கம் 24. தாய்: றிஸ்மினா அன்ஸார். இன்று காலை 7.52க்கு ஆண் குழந்தை. நிறை 3.1 கிலோ. உடனே அழுதது, நிறம் நல்லது. கிளிப் போட்ட நேரம் 60 செக்கன். தராசின்படி பையில் ஏறத்தாழ 83 மில்லிலீற்றர். கட்டி இல்லை. தாயும் பிள்ளையும் சுகம். பொருத்தம் பார்ப்பதற்கான குழாய் தனியே இருக்கிறது.

இலக்கமும் நேரமும் மட்டும் எழுதச் சொன்னீர்கள். கீழே வருவது தாய் எழுதச் சொன்னது, அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை நன்றாக அழுதது. அந்த நிமிடம் தேவைப்படவில்லை என்று நீங்கள் சொல்லலாம், நான் மறுக்கமாட்டேன். கொடி துடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை தாயின் வயிற்றில் கிடந்தது. அவ சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கேட்டா, "போட்டிட்டீங்களா?" இல்லை என்றேன். "இன்னம் போடாதீங்க." செக்கன் முள் ஒரு சுற்று வந்ததும் அவவே சொன்னா: "இப்ப போடுங்க. இப்ப மத்தப் புள்ளைக்கு எடுங்க." நாங்கள் எடுத்து முடிக்கும்வரை அசையாமல் கிடந்தா. கடைசியில் ஓடுவது நின்றபோது, கொடியில் இன்னும் இருக்கிறதா என்று தலையைத் தூக்கிக் கேட்டா. மேலே இரண்டாம் இடத்தில் குத்தினேன். இன்னும் ஒன்பது மில்லிலீற்றர் வந்தது.

இதைத் தம்பிக்கு எழுதுங்கள் என்றா. எழுதிவிட்டேன்.

பிரான்சிஸ்கா
தாதி, பிரசவ வாட்டு


கொழும்பு
2024 ஜூலை 18, வியாழன், காலை 8.30
பை 24. 83 மில்லிலீற்றர். 66 கோடி. உயிருள்ளவை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

பிரான்சிஸ்காவுக்கு,

ஒன்பது கோடி குறைவு. நான்கு தரம் எண்ணினேன். உடனே கிளிப் போட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது, நான் அதை மாற்றி எழுதப்போவதில்லை.

பொருத்தம் நேற்று மாலை வந்தது. முழுப் பொருத்தம். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மின்ஹாவைப் பார்க்கிற டொக்டரிடம் கொண்டுபோனேன். இந்தப் பையை மட்டும் வைத்து மாற்றுச் சிகிச்சை செய்யத் தான் துணியமாட்டேன் என்றார். எறியவும் விடமாட்டாராம். பையன் இரண்டு வயதைத் தாண்டி நன்றாக வளர்ந்திருந்தால், அவனிடமிருந்து கொஞ்சம் எலும்பு மச்சை எடுத்து இதோடு சேர்த்துச் செய்யலாம் என்றார். அதுவரை மின்ஹாவை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு வருடம். மூன்று கிழமைக்கு ஒரு தரம் என்றால் முப்பத்தைந்து ஊசி. எனக்கு அது நீளமாகத்தான் தெரிகிறது. அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "குறைவுக்கான காரணம்." உன் பெயரை எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுதுமுன், ராத்தாவின் படிவத்தைக் கோப்பில் சேர்க்க மற்றப் படிவங்களை இறக்கினேன். இருபத்துநாலு. பார்த்துக்கொண்டே போனேன். தாய் தன் கையால் போட்டது ஐந்து. மிச்சம் பத்தொன்பதும் கணவன், மாமன், ஒன்றில் தாயின் தம்பி. உன் வாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு பையிலும் கலம் கலமாக எண்ணினேன். கையெழுத்தை எண்ணவே இல்லை.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தியைக்கூட எனக்குத் தெரியாது. என் ராத்தாவை எனக்குத் தெரியும், அவளிடமே நான் கேட்கவில்லை. சுமந்துகொண்டேன் என்று உனக்கு எழுதினேன். சுமக்கவில்லை. அவளுடையதை அவளுக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தேன்.

காரணம் என்ற இடத்தில் "தாயின் முடிவு" என்று எழுதினேன்.

உன் பெயரைப் பற்றி எழுதியது அநியாயம். மின்ஹாவை வைத்து உன்னைப் பயமுறுத்தியது அதைவிடக் கேவலம். ஜூன் 23 கடிதத்தைக் கிழிக்காதே. என்மேல் முறைப்பாடு கொடுக்க நினைத்தால் அது உனக்குத் தேவைப்படும். நீ "திரு" என்று எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். பதில் எழுது என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று பத்து மணிக்குத் தலைவரிடம் போவேன். அந்தத் தாய்மாரிடம் நேரே கேட்கும்வரை பத்தொன்பது பைகளையும் ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். மூன்று மாத வேலையில் ஐந்து பைதான் மிஞ்சும். திட்டுவார்.

2. படிவத்தைத் திருத்துவேன். கணவன் கையெழுத்துக்கு இடம் இருக்காது. கிளிப் நேரத்தைப் பற்றிய விஷயம் முதல் வரியில், தமிழிலும் சிங்களத்திலும், வாசித்துக் காட்டக்கூடிய மாதிரி.

3. எத்தனை செக்கன் என்று இனி உங்கள் வாட்டிடம் நான் கேட்கமாட்டேன். தாய் சொல்வதை நீங்கள் குறித்தால் போதும்.

4. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் புத்தளம். உப்பளத்தில் அன்ஸார் மச்சானிடம் அவர் எதில் கையெழுத்துப் போட்டார் என்று வாசித்துக் காட்டுவேன்.

5. பிறகு ராத்தா வீடு. அந்தப் படிவத்தை நிரப்பியது நான் என்று நானே சொல்வேன். அவள் ஏசுவாள். நடுவில் குறுக்கிடமாட்டேன்.

6. பையனுக்கு என்ன பெயர் என்று கேட்பேன். ஏழாம் நாள், திங்கட்கிழமை, வைத்திருப்பார்கள். நான் போகவில்லை, போனும் எடுக்கவில்லை. அவனுடைய இரத்தத்தில் எத்தனை கலம் என்று எனக்குத் தெரியும். பெயர் தெரியாது.

நஜாத்